அடுப்பை இடித்த பிறகு

செங்கத்தில் பழைய ஓட்டு வீட்டைப் புதுப்பிக்க மேஸ்திரியைக் கூப்பிட்டால், அவர் வாசலில் தொடங்கிப் பின்கட்டு வரை ஒரு சுற்று வந்துவிட்டு, கடைசியில் அடுப்பங்கரையில் நின்றுகொள்வார். கரி ஏறிய மண் மேடை, அதன் தலைக்கு மேலே கூரையைத் துளைத்துக்கொண்டு போகும் செங்கல் புகைக்கூண்டு. "இத எடுத்துட்டா மேடை போட தாராளமா எடம் கெடைக்கும்கா. அர நாள் வேல" என்பார். வீட்டுக்காரம்மாவுக்கும் அதில் மறுப்பு இருக்காது. கேஸ் வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. புகைக்கூண்டில் இப்போது புறா கூடு கட்டுகிறது, மழைக்காலத்தில் சொட்டுகிறது.

இடிக்க அரை நாள் போதும் என்பது உண்மைதான். ஆனால் அந்த அடுப்பு சமைத்ததோடு நிற்கவில்லை. வீட்டுக் காற்றை இழுத்து வெளியே தள்ளியது, கூரை மரத்தைக் காயவைத்தது, விதையைக் காப்பாற்றியது, தன் சுவருக்குள் உப்பையும் தாரையும் வருஷக்கணக்கில் சேர்த்து வைத்தது. இந்த வேலைகளை இனி யார் செய்வது, சேர்த்து வைத்ததை யார் வெளியேற்றுவது என்று இடிக்கும்போது யாரும் கேட்பதில்லை. இரண்டாவது ஐப்பசியில் புதுச் சுவர் கொப்பளிக்கும்போதுதான் கேள்வி வருகிறது.

குளிர்காய்வதற்கென்றே வீட்டுக்குள் கட்டும் கணப்பு நம் சமவெளியின் சரக்கல்ல. ஊட்டி, குன்னூர், கொடைக்கானல், ஏற்காடு பங்களாக்களில் வெள்ளைக்காரர்கள் கட்டியவை இன்னும் இருக்கின்றன. அவற்றை அடைத்துவிட்டு டிவி மாட்டுகிறவர்களுக்கு வருகிற தொல்லையும், செங்கத்தில் விறகடுப்பை எடுக்கிறவர்களுக்கு வருகிற தொல்லையும் ஒன்றுதான். தீயும் செங்கல்லும் ஊருக்கு ஊர் குணம் மாறுவதில்லை. எரித்த பொருள்தான் வேறு. செங்கம் பக்கம் அடுப்புக்குள் போனவை வேலிக்காத்தான், புளியங்கட்டை, கம்பந்தட்டை, காய்ந்த மணிலாக் கொடி, கடலைத் தொட்டி, வரட்டி. இந்தப் பட்டியல் பின்னால் நமக்குத் தேவைப்படும்.

முதலில் காற்று. ஒரு நடுத்தரப் புகைக்கூண்டை எடுத்துக்கொள்வோம்: வெளிப்புறம் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, உள்ளே ஒன்பது அங்குலச் சதுரத் துளை, உயரம் பத்தடி. அடுப்பு எரியும்போது துளைக்குள் காற்றின் வெப்பம் 150 டிகிரி செல்சியஸ், வெளியே 30 டிகிரி என்று வையுங்கள். சூடான காற்றின் ஒரு கன மீட்டர் எடை சுமார் 830 கிராம். வெளிக்காற்றின் எடை 1,160 கிராமுக்குக் கொஞ்சம் மேல். இந்த எடை வித்தியாசம்தான் புகைக்கூண்டின் மோட்டார். பத்தடி உயரத்துக்குக் கணக்குப் போட்டால் அழுத்த வேறுபாடு ஏறக்குறைய 10 பாஸ்கல். ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தேங்கி நிற்கும் தண்ணீர் தரையில் தருகிற அழுத்தம் அவ்வளவுதான். இத்தனை அற்பமான ஒரு தள்ளல், உராய்வே இல்லையென்றால், புகையை நொடிக்கு நாலரை மீட்டருக்கு மேல் வேகத்தில் ஏற்றிவிடும். கரி ஒட்டிய சொரசொரப்பான துளையில் வேகம் பாதியாகலாம். அப்போதும் கண்ணுக்குப் புகை தங்காது.

உயரத்தைக் குறைத்தால் இழுவை குறையும். துளையை அளவுக்கு மீறி அகலமாக்கினால் புகை ஆறிப்போய்த் திரும்பும். அமெரிக்காவில் பிறந்து பவேரியாவில் பட்டம் வாங்கிய ரம்ஃபோர்டு பிரபு 1790களில் லண்டன் வீடுகளின் கணப்புகளைத் திருத்தியது இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான். தீக்கு மேலே இருந்த அகன்ற தொண்டையைச் செங்கல் வைத்துக் குறுக்கினார், பக்கச் சுவர்களைச் சாய்த்து வெப்பத்தை அறைக்குள் திருப்பினார். புகைந்துகொண்டிருந்த பணக்கார வீடுகள் அவரைத் தேடி வந்தன.

மேலே ஏறும் சூடான காற்று செங்கத்துக்கு மேலே இருக்கும் ஜவ்வாது மலையில் வேறொரு கூட்டத்துக்குத் தலைவலி. காவலூர் வான்நோக்கு நிலையத்தில் 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது, வானியலாளர் வைணு பாப்பு பெயரில். எந்தத் தொலைநோக்கிக் கூடத்திலும் பகல் வெப்பம் உள்ளே தேங்கிவிட்டால், இரவில் கூரை திறந்ததும் அது அலையலையாக வெளியேறும். அதன் வழியே வரும் நட்சத்திர ஒளி நடுங்கும், படம் கலங்கும். அடுப்பங்கரையில் நாம் விரும்பி வரவழைக்கும் அதே ஓட்டத்தை அங்கே விரட்டப் பாடுபடுகிறார்கள்.

அடுப்பு அணைந்திருக்கும்போதும் புகைக்கூண்டு சும்மா இருப்பதில்லை. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. இரவில் வீட்டுக்குள் 30 டிகிரி, வெளியே 24 டிகிரி என்றால் போதும். ஒரு பாஸ்கலுக்கும் குறைவான தள்ளல், ஆனால் கதவுக்குக் கீழே இடுக்கு இருந்தால் அந்த ஒன்பது அங்குலத் துளை வழியே மணிக்கு நூறு கன மீட்டர் அளவுக்குக் காற்று வெளியேற முடியும். பத்தடிக்குப் பத்தடி அடுப்பங்கரையின் காற்று முழுவதும் மணிக்கு மூன்று நான்கு தடவை மாறுகிறது என்று அர்த்தம். மின்சாரம் வேண்டாம், சத்தம் கிடையாது. இதை இடித்துவிட்டு, அதே இடத்தில் ஜன்னலையும் சின்னதாக்கி, ஏசி போடும் ஆசையில் இடுக்குகளை அடைத்து, பிறகு கடையில் போய் இருபதாயிரம் ரூபாய்க்குச் 'சிம்னி' வாங்கி மாட்டுகிறார்கள். அதிலும் சில வீடுகளில் வெளியே போகும் குழாயைப் பொருத்துவதில்லை. எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் வடிகட்டிக் காற்றைத் திரும்ப அறைக்குள்ளேயே விடும் கருவிக்குப் பழைய பெயர் எப்படிப் பொருந்துகிறதோ தெரியவில்லை.

அதற்காகப் பழைய அடுப்பைக் கொண்டாட வேண்டியதில்லை. புகைக்கூண்டு வைத்துக் கட்ட வசதியிருந்த வீடுகள் கொஞ்சம். மிச்ச வீடுகளில் ஓட்டுக்கு நடுவே ஒரு கண், அல்லது அதுவும் இல்லை. மலை மேலே மலையாளிப் பழங்குடியினரின் பழைய கூரை வீடுகளில் புகை தானாகக் கூரை வழியே கசிந்து போக வேண்டியதுதான். அப்படிப்பட்ட அடுப்படியில் என்ன இருக்கிறது என்று 1980களின் தொடக்கத்தில் அளந்து பார்த்தார்கள். கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளரும் இந்தியத் தோழர்களும் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் உடம்பிலேயே கருவியை மாட்டி, அவர்கள் மூச்சில் போகும் துகளை அளந்தார்கள். அதுவரை காற்று மாசு என்றால் ஆலைப் புகையும் நகரத்துச் சாலையும்தான்.

தமிழ்நாட்டில் அந்த வேலையைச் செய்தவர் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன். அவரும் குழுவினரும் நான்கு மாவட்டங்களில் 436 கிராம வீடுகளில் அளந்து 2002இல் வெளியிட்ட முடிவு: விறகும் சுள்ளியும் எரிக்கும் வீடுகளில் சமைக்கும் நேரத்தில் மூச்சில் நுழையும் துகள் ஒரு கன மீட்டருக்கு 500 முதல் 2,000 மைக்ரோகிராம். சமைக்கிறவருக்கு 24 மணி நேரச் சராசரி 231. அதே வீட்டில் சமைக்காதவருக்கு 90. ஒரே கூரை, ஒரே காற்று என்று நினைக்கிறோம். அடுப்புக்கு முன் உட்காருகிறவர் சுவாசிக்கும் காற்றே வேறு. உலகச் சுகாதார நிறுவனம் நுண்துகளுக்கு இப்போது வைத்திருக்கும் ஒரு நாள் வரம்பு 15 மைக்ரோகிராம். இரண்டு அளவீடுகளும் அச்சாக ஒன்றல்ல, ஆனாலும் இடைவெளி சின்னதல்ல.

புகையை ஒழிக்க அடுப்பைத் திருத்துவோம் என்ற எண்ணம் இன்னும் பழையது. வார்தாவின் மகன்வாடியில் 1947இல் ஒரு புகையில்லா அடுப்பு உருவானது. ஹைதராபாத் பொறியாளர் எஸ்.பி. ராஜு கோடிக்கணக்கான வீடுகளுக்குப் புகையில்லாச் சமையற்கட்டு வேண்டும் என்று வாதாடி எழுதிய ஆங்கிலச் சிறுநூல் 1953இல் சென்னையில் அச்சானது. 1980களில் மத்திய அரசே நாடு தழுவிய திட்டம் போட்டு மூன்று கோடிக்கும் மேலான அடுப்புகளைக் கட்டியது. 2002இல் அது முடித்துவைக்கப்பட்டது. எங்கே சறுக்கியது என்பதற்கு ஒடிசாவில் பொருளியலாளர் எஸ்தர் டஃப்லோவும் இன்னும் இருவரும் சுமார் 2,600 குடும்பங்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்த ஆய்வு நல்ல சாட்சி. புகைக்குழாய் வைத்த புது அடுப்பு முதல் வருஷம் புகையைக் குறைத்தது. பிறகு குழாயில் கரி அடைத்தது, யாரும் துடைக்கவில்லை, அடுப்பு விரிசல் விட்டது, பலன் மறைந்தது. புகைக்கூண்டு என்பது கட்டிவிட்டு மறந்துபோகிற சாமான் இல்லை.

கேஸ் வந்த பிறகு நிலைமை மாறியது. தமிழ்நாட்டில் இன்று ஐந்தில் நான்கு வீட்டுக்கும் மேல் எரிவாயு போன்ற தூய எரிபொருளில்தான் சமைக்கின்றன. அது எவ்வளவு உதவுகிறது என்று பார்க்க இந்தியா, குவாதமாலா, பெரு, ருவாண்டா நான்கு நாட்டிலும் 3,200 கர்ப்பிணிகளை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. இந்தியாவின் பங்கு தமிழ்நாட்டில்தான், கள்ளக்குறிச்சி பக்கத்திலும் நாகப்பட்டினத்திலும். செங்கத்திலிருந்து தெற்கே இறங்கினால் கள்ளக்குறிச்சி. பாதிப் பேருக்கு இலவசமாக கேஸ் அடுப்பும் சிலிண்டரும் கொடுத்தார்கள். அவர்கள் சுவாசித்த நுண்துகள் சுமார் 24 மைக்ரோகிராமுக்கு இறங்கியது. விறகில் சமைத்தவர்களுக்கு 70. ஆனால் 2022இல் வந்த முடிவில் இரு தரப்புக் குழந்தைகளின் பிறப்பு எடையில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. கர்ப்பத்தின் நடுவே புகையை நிறுத்துவது போதாதோ, அக்கம்பக்கத்துப் புகை வந்துகொண்டே இருப்பதோ, காரணம் இன்னும் பேசப்படுகிறது. புகை குறைந்தது என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை. அடுப்பை எடுப்பது சரியான முடிவு. எப்படி எடுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எடையிலிருந்து தொடங்கலாம். மேலே சொன்ன ஒன்றரை அடிப் புகைக்கூண்டில் செங்கல் கட்டுமானம் அரை கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு கன மீட்டர் செங்கல் கட்டு 1,900 கிலோ என்று வைத்தால் கூண்டு மட்டும் 900 கிலோ. பூச்சு தனி. இந்தப் பாரம் பல வீடுகளில் நேரே தரைக்கு இறங்குவதில்லை. அடுப்புக்கு மேலே கூடாரம்போல் விரியும் பகுதியில், முன்பக்கம் ஒரு மரக்கட்டையின் மேலோ சின்ன வளைவின் மேலோ உட்கார்ந்திருக்கும். மேடை இடைஞ்சலாக இருக்கிறதே என்று கீழிருந்து உடைக்க ஆரம்பித்தால் தலைக்கு மேல் கிட்டத்தட்ட ஒரு டன் பிடிமானமில்லாமல் தொங்கும். அதனால் ஓட்டைப் பிரித்து, மேலிருந்து வரிசை வரிசையாகச் செங்கல்லைக் கழற்றிக் கயிற்றில் இறக்க வேண்டும். கட்டைக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கடைசிப் பகுதியைத் தொட வேண்டும்.

இங்கிலாந்தில் இதில் இன்னொரு வில்லங்கம் உண்டு. கீழறையில் கணப்பை எடுத்துவிட்டு மாடியிலும் கூரைக்கு மேலும் கூண்டை அப்படியே விட்டுவிடுவார்கள். வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுப் புகைவழியும் அதே கட்டுக்குள் போகும். அங்கே 1996இல் வந்த பொதுச்சுவர்ச் சட்டப்படி அண்டை வீட்டாருக்கு முன்கூட்டியே எழுத்தில் சொல்ல வேண்டும். மிஞ்சிய கட்டைத் தாங்க எஃகும் போட வேண்டும். நம் ஊரில் பொதுச்சுவர் தகராறு கோர்ட்டுக்குப் போகும். புகைக்கூண்டு தகராறு மட்டும் எப்படியோ தப்பித்துவிட்டது.

இடிக்கும்போது விழும் கரியைப் பற்றி ஒரு வார்த்தை. லண்டனில் புகைக்கூண்டுக்குள் ஏறித் துடைக்கச் சிறுவர்களைப் பயன்படுத்திய காலத்தில், அவர்களுக்குப் பின்னாளில் விதைப்பையில் புற்றுநோய் வருவதைப் பெர்சிவல் பாட் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர் 1775இல் எழுதினார். செய்யும் தொழிலால் புற்றுநோய் வரும் என்று மருத்துவ உலகம் கண்டுகொண்ட முதல் உதாரணம் அதுதான். தாரில் இருந்து பென்சோபைரின் என்ற பொருளைப் பிரித்தெடுத்துக் குற்றவாளியைக் காட்ட 1930கள் வரை ஆனது. அவர்கள் பார்த்தது நிலக்கரிக் கரி. விறகுக் கரியிலும் அதே குடும்பத்துப் பொருட்கள் உண்டு. செங்கத்தில் அந்தக் கரி படிந்த செங்கல்லைத் தலையில் சட்டி வைத்துச் சுமப்பவர் பெரும்பாலும் சித்தாள் பெண். முந்தானையை வாயில் கட்டிக்கொள்வார். இடிக்கும் முன் கரியைத் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டால் தூள் கிளம்பாது. அவருக்கு ஒரு என்-95 முகக்கவசம் வாங்கித் தர ஆகும் செலவு ஒரு மூட்டை சிமெண்டின் விலையில் சிறு பகுதி. ஒப்பந்தத்தில் யாரும் அதை எழுதுவதில்லை.

இப்போது சுவர். இந்தக் கதையில் அதிகம் ஏமாற்றுவது இதுதான்.

கூண்டு போயாயிற்று. சுவரைத் தட்டிவிட்டு, சிமெண்ட் பூசி, ஏழு நாள் தண்ணீர் ஊற்றி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தாயிற்று. கோடையெல்லாம் சுவர் பளிங்கு. ஐப்பசி பிறந்து மழை பிடித்ததும் இடுப்பு உயரத்தில் ஒரு திட்டு கருக்கிறது. தொட்டால் ஈரம். மழை விட்டதும் காய்ந்துபோகிறது, வெள்ளை வெள்ளையாகப் பூக்கிறது, பட்டி செதில் செதிலாக உரிகிறது. பிளம்பரைக் கூப்பிட்டுக் குழாயை நோண்டுகிறார்கள். ஓடு மாற்றுகிறார்கள். அடுத்த மழைக்குத் திட்டு அதே இடத்தில் நிற்கிறது.

எங்கும் ஒழுகவில்லை. சுவரே காற்றிலிருந்து தண்ணீர் குடிக்கிறது. செடிகள் வளரும்போது மண்ணிலிருந்து பொட்டாசியத்தையும் குளோரினையும் எடுத்துக்கொள்கின்றன. முதிர்ந்த மரத்தில் இவை குறைவு, தட்டையிலும் கொடியிலும் தொட்டியிலும் நிறைய. எரியும்போது இரண்டும் ஆவியாகிப் புகையோடு ஏறி, ஆறும்போது பொட்டாசியம் குளோரைடு என்ற உப்புத் துகளாகின்றன. நகரக் காற்றில் விறகுப் புகையின் பங்கைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகள் பொட்டாசியத்தைத் தேடுவது இதனால்தான். வரட்டியில் நைட்ரஜன் அதிகம், அதன் வழியாகவும் சுண்ணாம்புக் காரையோடு சேர்ந்து நைட்ரேட் உப்புகள் உண்டாகின்றன. இந்த உப்புகள் ஐம்பது வருஷம் தினம் இரண்டு வேளை செங்கல்லுக்குள் ஊறியிருக்கின்றன. அடுப்பு எரிந்தவரை சுவர் சூடாகவே இருந்தது, உப்பு வாய் திறக்கவில்லை.

ஒவ்வொரு உப்புக்கும் ஒரு வாசற்படி உண்டு. காற்றின் ஒப்பு ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்து நீராகிவிடும். பொட்டாசியம் குளோரைடுக்கு அது சுமார் 84 விழுக்காடு, சமையல் உப்புக்கு 75, கால்சியம் நைட்ரேட்டுக்கு 50 பக்கம். அடைமழைக் காலத்து இரவில் மூன்று வாசலும் திறந்துவிடும். பகலில் காய்ந்ததும் கரைந்த உப்பு மறுபடி படிகமாகும். பூச்சுக்குப் பின்னே நுண்துளைக்குள் வளரும் படிகத்துக்கு இடம் வேண்டும், அது பூச்சைத் தள்ளுகிறது. மேஸ்திரி நல்ல எண்ணத்தோடு ஏழு நாள் ஊற்றிய தண்ணீரே ஆழத்தில் கிடந்த உப்பைக் கரைத்து மேலே கூட்டிவந்த முதல் குற்றவாளி. தாரும் கூடவே வரும். வெள்ளை எமல்ஷன் மேல் டீ கொட்டியதுபோன்ற பழுப்புக் கறை அது. நீர் கலந்த பெயின்டை எத்தனை கோட் அடித்தாலும் கறை கரைந்து கரைந்து மேலேறும்.

தரையிலிருந்து ஏறும் ஓதத்தையும் இதையும் பிரித்தறிவது கஷ்டமில்லை. ஓதம் அடியிலிருந்து கிளம்பிச் சுவர் நெடுக ஒரே மட்டத்துக்கு ஏறும், கோடையிலும் கொஞ்சம் மிஞ்சும். உப்புத் திட்டு பழைய அடுப்பின் உருவத்திலேயே நிற்கும், வானிலையைப் பார்த்து வரும், போகும். இதற்கு நீர்ப்புகா பெயின்ட் அடிப்பது உப்பைச் சுவருக்குள் பூட்டிவைப்பது. அது பக்கத்தில் வழி தேடிக்கொள்ளும். உருப்படியான வழிகள் சில. கரி ஊறிய செங்கல்லை வரிசையாகக் கழற்றிவிட்டுப் புதுச் செங்கல் வைக்கலாம். அது முடியாவிட்டால் பழைய பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்து, களிமண்ணும் காகிதக் கூழும் குழைத்த பற்றைப் போட்டுக் காயவிட்டு உரித்து, உப்பு குறையும்வரை திரும்பத் திரும்பச் செய்யலாம். மேலே சிமெண்டுக்குப் பதில் சுண்ணாம்புப் பூச்சு. அது மூச்சு விடும், மிச்ச உப்பு வந்தாலும் துடைத்துவிடலாம். அல்லது சுவருக்கு முன்னே இடைவெளி விட்டுப் பலகை அடித்து விஷயத்தை மறைத்துவிடலாம், இதுவும் ஒரு தீர்வுதான்.

வாஸ்து இங்கே வேண்டாத உதவி செய்கிறது. அடுப்பு அக்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்பதால் புது மேடையும் அதே தென்கிழக்கு மூலைக்கே வருகிறது. உப்பு ஊறிய சுவர்மேல் வழவழப்பான டைல்ஸ். டைல்ஸ் வழியே ஈரம் போகாது, ஆகவே உப்பு இணைப்புகளில் பூக்கும், அல்லது பின்னால் சேர்ந்து டைல்ஸைக் கழற்றும். சாஸ்திரத்தை மீறச் சொல்லவில்லை. அந்த மூலைச் சுவரை மட்டும் கூடுதலாகக் கொத்தச் சொல்லலாம்.

கேஸ் அடுப்பு இந்த ஈரக் கணக்கில் தன் பங்கையும் சேர்க்கிறது. எரிவாயுவில் இருக்கும் ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீர்தான். ஒரு கிலோ புரொப்பேனோ பியூட்டேனோ எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி. வீட்டுச் சிலிண்டரில் இருக்கும் 14.2 கிலோ தீரும்போது 22 லிட்டர் தண்ணீர் அடுப்பங்கரைக் காற்றில் கலந்திருக்கிறது, குழம்பு கொதித்த ஆவி தனி. விறகும் எரிந்தால் நீராவி தரும், ஆனால் கூண்டு அதைக் கொண்டுபோய்விடும். கூண்டில்லாத, ஜன்னல் சிறுத்த புது அடுப்பங்கரையில் அது உப்புச் சுவருக்குத்தான் தீனி.

இன்னொன்று இதைவிட முக்கியம். விறகுப் புகை மேலே ஏறும். சமையல் எரிவாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை கனம், கசிந்தால் தரையோடு தேங்கும். பழைய கூண்டு மேலே இருந்ததால் மேலேயே எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். புகைக்கும் சூட்டுக்கும் அது சரி. கசிவுக்கு, சிலிண்டர் நிற்கும் பக்கம் தரையை ஒட்டி வெளியே திறக்கும் ஒரு துளை வேண்டும். அடுப்பை இடிக்கிற அன்றைக்கே, கொத்தனார் கையில் உளி இருக்கும்போதே போட்டுவிட்டால் தனிக் கூலி ஆகாது. பூனை வரும், எலி வரும் என்றால் கம்பி வலை அடிக்கலாம்.

கூரைக்கு வருவோம். அடுப்பங்கரைக்கு மேலே இருக்கும் பனங்கையும் மூங்கிலும் மற்ற அறைகளைவிடக் கறுத்து, கல்லாக இருக்கும். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே நின்றால் மரம் தின்னும் பூஞ்சை வளராது. தினம் எழும் சூடு அதைப் பார்த்துக்கொண்டது. புகையில் இருக்கும் பீனால் வகைகளும் ஃபார்மால்டிஹைடும் மரத்தின் மேல் படிந்து பூச்சிக்கும் கிருமிக்கும் ஆகாத ஒரு பூச்சாக இருந்தன. மீனையும் கறியையும் புகையில் வாட்டிக் காப்பது இதே ரசாயனம்தான். ஜவ்வாது மலையில் சாமையும் கேழ்வரகும் பரணில் ஏற்றிவைப்பதும், சோளக் கதிரை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுவதும் இதனால்தான். தானியத்தின் ஈரம் 12, 13 விழுக்காட்டைத் தாண்டாமல் இருந்தால் பூஞ்சைக்கு அங்கே பிழைப்பு கஷ்டம். அடுப்பு போன பிறகு விதைக்கு டப்பா வந்துவிட்டது. பனங்கைக்கு ஒன்றும் வரவில்லை. அதனால் ஓட்டைப் பிரித்திருக்கும்போதே கட்டையைத் தட்டிப் பார்த்து, உளுத்ததை மாற்றி, மிச்சத்துக்குப் போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரைப் பூசிவிடுவது நல்லது.

ஜப்பானில் இதை வேறு விதமாகச் சமாளிக்கிறார்கள். கவாசாகி நகரில் 1967இல் திறந்த நிஹோன் மின்காஎன் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தில் பழைய கூரை வீடுகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். குடியிருப்பவர் யாரும் இல்லை. ஆனாலும் தொண்டர்கள் வந்து தரைநடு அடுப்பில் தீ மூட்டுகிறார்கள், கூரைப் புல்லும் மரமும் பூச்சி பிடிக்காமல் இருக்க. இங்கிலாந்தின் தென்பகுதியில் சில பழைய வீடுகளின் கூரைக்குள், புகைக்கூண்டு வருமுன் திறந்த அடுப்புப் புகை படிந்த அடிவரிசை வைக்கோல் அப்படியே இருக்கிறது. ஜான் லெட்ஸ் என்ற தாவரத் தொல்லியலாளர் அதைப் பிரித்துப் பார்த்தபோது, இடைக்காலத்து உழவர்கள் விதைத்த கோதுமையும் ரை தானியமும் கூடவே முளைத்த களையும் கதிரோடு கிடைத்தன. இன்று வயலில் இல்லாத, மனிதர் உயரம் வளரும் ரகங்கள். புகை அவற்றைப் பதப்படுத்தி வைத்திருந்தது. செங்கம் பக்கத்துப் பரணில், கரி படிந்த மூங்கில் இடுக்கில் ஒரு சாமைக் கதிர் சிக்கியிருந்தால் குப்பை வண்டியில் ஏற்றுமுன் யாராவது ஒருமுறை பார்க்கலாம்.

கடைசியில் செங்கல் மிஞ்சும். நல்ல செங்கல்லாச்சே என்று அதைக் குளியலறைச் சுவருக்கோ மாடிப்படிக்கோ போடச் சொல்லும் ஆசை எல்லாருக்கும் வரும். போட்டால் உப்பும் கறையும் அங்கே குடிபோகும். அதற்கு ஏற்ற இடம் வீட்டுக்குப் பின்னால்தான். கேஸ் வந்த வீடுகளிலும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விசேஷச் சமையலுக்கும் பின்கட்டில் ஒரு விறகடுப்பு இன்னும் எரிகிறது. சூடு கண்டு பழகிய, உப்பு ஊறிய செங்கல் அங்கே யாரையும் தொந்தரவு செய்யாது. சாம்பலைத் தென்னைக்குப் போட்டால் அதே பொட்டாசியம் உரமாகிவிடும். அந்த அடுப்பைப் புது அடுப்பங்கரையின் ஜன்னலுக்கு நேரே கட்டாமல் பத்துப் பதினைந்து அடி தள்ளி, காற்று வீட்டிலிருந்து விலகிப் போகும் பக்கம் கட்ட வேண்டும். எந்தப் பக்கம் என்று தெரிய ஆடியிலும் ஐப்பசியிலும் கொல்லையில் ஒரு கொள்ளிக்கட்டையைக் கொளுத்திப் பிடித்துப் பார்த்தால் போதும், இரண்டு பருவத்திலும் புகை போகும் திசை வேறுவேறாக இருக்கும்.